ரிட்டர்ன் டிக்கெட் மாஸ்டர்

எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் எந்தப் படிக்கட்டிலும் நேராகக் காலை வைத்து ஏறி நான் பார்த்ததில்லை. முதல் படிக்கு முன்னால் ஒரு கணம் நிற்பார். கையிலிருக்கும் குடையின் முனையால் படியை ஒரு தட்டு தட்டுவார். பிறகுதான் ஏறுவார். அது கருங்கல் படி. நான் அங்கே பாவாடை கட்டிக்கொண்டு படித்த காலத்திலிருந்து அசையாத படி.

"மாஸ்டர், அது எங்கயும் ஓடிப் போயிடாது" என்று ஒரு நாள் சொன்னேன்.

"தெரியும் டீச்சர். எனக்குத் தெரியுது, கைக்குத் தெரிய மாட்டேங்குது" என்று சிரித்தார்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் ஜூன் மாதத்தில் அவர் வந்து சேர்ந்தார். சாந்தோமில் எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவருடைய வீடு. ஆனால் ஆறு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டதால் பலருக்கு முகமே மறந்துபோயிருந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான தேகம். இடது காலைக் கொஞ்சம் தயங்கி வைப்பார். அந்தக் காலில் இரண்டு விரல்களுக்கு நுனி கிடையாது. பனியில் கறுத்துப்போனதால் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அந்த இடம் காலியாக இருந்தால் நடை தடுமாறும் என்று கான்வாஸ் ஷூவுக்குள் பஞ்சு அடைத்துக்கொள்வார். சித்திரை வெயிலில் தார் ரோடு உருகும்போதுகூட அந்தப் பஞ்சும் ஷூவும் மாறாது.

கடல் மணலில் பிறந்து வளர்ந்தவரை யுத்தம் காஷ்மீரத்து மலையில் கொண்டுபோய் விட்டிருந்தது. நீளமான கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு பனியின் மேல் சறுக்கிப் போக அங்கே சிப்பாய்களைப் பழக்கினார்கள். ஸ்கீ என்று அந்தக் கட்டைக்குப் பெயர். இவர் ஒயர்லெஸ்காரர். பாதை, வீடு, மரம் எதுவும் இல்லாத மேட்டுக்கு ஒரு கூட்டம் போனால் பெட்டியைச் சுமந்துகொண்டு கூடப் போக ஆள் வேண்டுமல்லவா? அதனால் இவரும் சறுக்கப் பழகினார். மூன்று குளிர்காலம் அங்கே இருந்தார்.

அங்கிருந்து அவர் ஊருக்குக் கொண்டுவந்தது ஒரே ஒரு வார்த்தைதான் என்று என் அண்ணன் லூர்து சொல்வான். அந்த வார்த்தை, "திரும்பிடலாம்."

லூர்து அண்ணனும் அதே பள்ளியில்தான் கணக்கு வாத்தியார். நான் ஐந்தாம் வகுப்புக்குப் பூகோளம். இரண்டு பேரும் காலையில் ஒன்றாக நடந்து போவோம், சாயங்காலம் ஒன்றாகத் திரும்புவோம். வழி முழுக்க அவன் யாரையாவது கேலி செய்துகொண்டு வருவான். தலைமையாசிரியர் ஏப்பம் விடுவது, பங்குச் சாமியார் தமிழ் பேசுவது, நான் புடவையைத் தூக்கிக்கொண்டு சேற்றைத் தாண்டுவது எல்லாம் அவனுக்குக் கச்சேரி. டிரில் மாஸ்டர் வந்த பிறகு மற்ற எல்லோருக்கும் விடுதலை கிடைத்தது.

அதற்கு அவரும் இடம் கொடுத்தார். அந்த வருஷம் தெப்பத் திருவிழாவுக்கு வாத்தியார்கள் எல்லோருமாக மயிலாப்பூர் போனோம். குளத்துப் படிகளில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மாஸ்டர் மேல்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். கீழ்ப்படி தண்ணீரில் முழுகியிருந்தது, மேலேயிருந்து ஜனம் அழுத்திக்கொண்டே இருந்தது. "திரும்பிடலாம்" என்றார். அவர் சொன்ன விதத்தில் நாங்கள் பேசாமல் திரும்பிவிட்டோம். கச்சேரி ரோடு முனையில் வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டே, தூரத்தில் நாயனச் சத்தத்தை மட்டும் கேட்டோம். அன்றைக்குத் தெப்பம் மூன்று சுற்றும் சுற்றி, ஒருவர் காலிலும் ஒரு கீறல் இல்லாமல் திருவிழா முடிந்தது. மறுநாள் அண்ணன் அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"மாஸ்டர், ஒண்ணும் ஆகலையாமே!"

"ஆமா சார். நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் படியைத் தட்டி ஏறிப் போனார். வருத்தமோ வெட்கமோ துளியும் இல்லை. பொய்யாகச் சமாளிக்கவும் இல்லை. நிஜமாகவே நல்லதாகப் போனதில் அவருக்குச் சந்தோஷம்.

பள்ளி ஆண்டு விழாவிலும் அப்படித்தான். பலகை அடித்துப் போட்ட மேடையில் நாற்பது பிள்ளைகள் ஒன்றாக ஏறி வணக்கப் பாட்டுப் பாட வேண்டும். மாஸ்டர் மேடைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்து, பன்னிரண்டு பன்னிரண்டு பேராகத்தான் ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டார். பாட்டு நாலு துண்டாகியது. தலைமையாசிரியருக்கு முகம் சிவந்துபோயிற்று. விழா முடிந்ததும் அண்ணன் அந்த மேடையின் நடுவில் போய் நின்று தங்கு தங்கென்று குதித்துக் காட்டினான். மேடை அசையவில்லை. அன்றைக்குத்தான் அவன் அவருக்கு "ரிட்டர்ன் டிக்கெட்" என்று பெயர் வைத்தான். ஒரு வாரத்துக்குள் ஒன்றாம் வகுப்பு வரைக்கும் அது பரவிவிட்டது. மாஸ்டர் காதிலும் விழுந்தது. "எங்க போனாலும் ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துட்டுப் போறது நல்லதுதானே?" என்றார்.

எனக்கு மட்டும் அவர் மேல் சிரிப்பு வராமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு.

ஐந்தாம் வகுப்புக்கு இமயமலை பாடம் நடத்த வேண்டியிருந்தது. பிள்ளைகள் பனியைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. மரத்தூள் ஒட்டிய ஐஸ் கட்டியை வண்டியில் பார்த்ததோடு சரி. மாஸ்டரை வந்து பேசச் சொல்லிக் கேட்டேன். அவர் யோசித்து, "ஒரு பழைய போர்டு, ஒரு வாளி ஈர மணல், ஒரு படி கல்லுப்பு வேணும் டீச்சர்" என்றார்.

"உப்பா? எதுக்கு?"

"சர்க்கரைன்னா இன்னும் அழகா இருக்கும். ரேஷன்ல வாங்கினதைக் கொண்டாங்கன்னு கேக்க மனசு வரல."

கரும்பலகையைத் தரையில் போட்டு, அதன் மேல் ஈர மணலை மெல்லியதாகப் பூசினார். அதற்கு மேல் கல்லுப்பைச் சீராகத் தூவினார். உப்பின் மேல் மறுபடியும் ஈர மணலை இரண்டு விரல் கனத்துக்கு அடை தட்டுவதுபோலத் தட்டிக் கெட்டியாக்கினார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

"மேலேருந்து விழற பனி பஞ்சு மாதிரி இருக்கும்" என்று ஆரம்பித்தார். "ஒவ்வொரு தடவை விழறப்பவும் ஒரு அடுக்கு. சில அடுக்கு கீழே இருக்கறதோட ஒட்டிக்கும். சிலது ஒட்டாது. புதுசா எதுவும் விழாம, வெறும் குளிரா நாள்கணக்கா இருந்துச்சுன்னா, அடியில இருக்கற கொஞ்சப் பனி இதோ, இந்த உப்பு மாதிரி ஆயிடும். அள்ளினா விரல் சந்துல ஓடிடும். அதுக்கு மேல புதுப்பனி கொட்டும். காத்து வேற அடிச்சு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கறதையும் வாரிட்டு வந்து இந்தப் பக்கம் அப்பிடும். மேலேருந்து பாத்தா சிமெண்டுத் தரை மாதிரி கெட்டியா இருக்கும். நடக்கலாம்போலத் தோணும்."

பலகையின் ஒரு பக்கத்துக்கு அடியில் ஒரு புத்தகத்தை வைத்தார். பிறகு இன்னொன்று. பலகை சாய்ந்துகொண்டே போயிற்று. மணல் அப்படியே இருந்தது.

"விழலையே சார்!" என்று ஒரு பெண் கத்தினாள்.

"விழாது. அதுக்கு என்ன அவசரம்?" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு பித்தளைப் பொத்தானை எடுத்தார். "இவன்தான் மலையேறப் போறவன்." அந்தப் பொத்தானை மேல் பக்கத்தில் மெதுவாக வைத்து விரலால் ஒரு அழுத்து அழுத்தினார்.

குறுக்கே ஒரு கோடு ஓடியது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. கோடு விழுந்த அதே கணத்தில் மேல் மணல் முழுவதும் ஒரே தகடாக நழுவி, பொத்தானையும் இழுத்துக்கொண்டு தரையில் வந்து கொட்டியது.

"யார் சார் தள்ளினது?"

"யாரும் தள்ளல. ஒரு ஆள் போய் நின்னான். அவ்வளவுதான்."

அது விழப்போகிறது என்று எப்படித் தெரியும் என்று அவர்கள் கேட்டார்கள். சறுக்கும்போது ஊன்றிக்கொள்ளும் கோலைத் தலைகீழாகப் பிடித்துப் பனிக்குள் சொருகிப் பார்ப்போம் என்றார். கெட்டி, கெட்டி என்று வந்துகொண்டே இருந்து திடீரென்று கை சும்மா உள்ளே போனால் அங்கேதான் உப்பு இருக்கிறது என்று அர்த்தம். சில சமயம் காலை வைத்ததும் அடியிலிருந்து பொத்தென்று ஒரு சத்தம் வரும், காலடியிலிருந்து விரிசல் ஓடும். அதெல்லாம் மலை நம்மிடம் பேசுகிற பேச்சு. ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் அந்த மாதிரி இடத்தைக் கடக்க வேண்டும். கடக்கிறவன் மேல் மற்றவர்கள் வைத்த கண்ணை எடுக்கக் கூடாது. பனி வந்து மூடினால் முழங்கையை மடக்கி முகத்துக்கு முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும், மூச்சு விட ஒரு கை இடமாவது கிடைக்கும். இதைச் சொல்லிவிட்டு நாற்பது பிள்ளைகளையும் எழுப்பி, டிரில் மாதிரி, முழங்கையை மடக்க வைத்தார்.

"எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் என்ன சார் பண்ணணும்?" என்று முதலில் கத்திய அதே பெண் கேட்டாள்.

"திரும்பி வந்துடணும்மா."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த என் அண்ணனும் சிரித்தான். நான் மட்டும் தரையில் கிடந்த அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி மணலுக்குள் புதைந்து, விளிம்பு மட்டும் தெரிந்தது.

இன்னொரு நாள் கடற்கரையில் வைத்து என்னிடம் சொன்னார். "ரொம்ப மோசமான நாள் எது தெரியுமா டீச்சர்? மூணு நாள் விடாம பனி கொட்டும். கூடாரத்தை விட்டு வெளியில தலை காட்ட முடியாது. நாலாம் நாள் விடிஞ்சா வானம் அப்படி ஒரு நீலம். வெயில் பளபளன்னு இருக்கும். ஒருத்தன் கால் தடம்கூட இல்லாம மலை முழுக்கப் புதுசா இருக்கும். அன்னைக்கு யாருக்கும் உள்ள உக்கார மனசு வராது. அந்த நாள்தான்."

அடையாற்று முகத்துவாரத்துக்கு நாங்கள் உல்லாசமாகப் போனதும் அப்படி ஒரு நாளில்தான்.

அவர் வந்த இரண்டாவது வருஷம் அடைமழை ஓயாமல் பெய்து, ஆறு பெருகி, முகத்துவாரத்து மணலை வெட்டிக்கொண்டு கடலுக்குள் போயிருந்தது. பொங்கல் விடுமுறையில் வானம் கழுவிவிட்டாற்போல இருந்தது. தலைமையாசிரியர், அண்ணன், மாஸ்டர், நான், இன்னும் மூன்று டீச்சர்கள் என ஏழு பேர் சாந்தோமிலிருந்து கடலோரமாகவே நடந்து போனோம். எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கும் இரண்டு தூக்குகளில் இருந்தன. பரிமாற ஒரு பித்தளைத் தாம்பாளமும் எடுத்துக்கொண்டோம்.

ஆறு நேராகக் கடலில் விழாமல் வடக்கே வளைந்து, நாங்கள் நின்ற மணல்மேட்டின் அடியை அரித்துக்கொண்டு ஓடியது. மேட்டின் விளிம்பு சுவர் மாதிரிச் செங்குத்தாக வெட்டுப்பட்டிருந்தது. ஒன்றரை ஆள் உயரம் இருக்கும். மத்தியானம் திரும்பிவிட்டதால் அந்தச் சுவரின் அடியில் நல்ல நிழல். பக்கத்தில் பளிங்கு மாதிரித் தண்ணீர். சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் ஓரமாகச் சுற்றிக் கீழே இறங்கி, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, காலைத் தண்ணீருக்கு நீட்டி உட்கார்ந்துவிட்டான்.

மாஸ்டர் குடையைத் தலைகீழாகப் பிடித்து, மேட்டில் விளிம்புக்கு நாலடி உள்ளே தள்ளி நின்று, வளைவில்லாத கைப்பிடியை மணலுக்குள் அழுத்தினார். மேலே மழையில் இறுகிய மணல், முக்கி முக்கி இறங்கியது. ஒரு சாண் போனதும் சடக்கென்று உள்ளே போய்விட்டது. நான் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"டீச்சர், எல்லாரும் பின்னால வாங்க. மெதுவா. ஒருத்தர் ஒருத்தரா" என்றார். பிறகு கீழே பார்த்துக் குரல் கொடுத்தார். "லூர்து சார், அங்க வேணாம். எழுந்திருச்சு ஓரமா வந்துடுங்க."

கீழேயிருந்து அண்ணனின் சிரிப்பு வந்தது. "மாஸ்டர், இது அடையாறு! காஷ்மீரம் ரொம்ப தூரம்!"

"சார், தயவு பண்ணி வாங்க."

"இந்த நிழலுக்கு ரிட்டர்ன் டிக்கெட் கிடையாது!"

தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார். நாங்களும் நகர்ந்தோம். அப்போது எங்கள் காலுக்கு அடியில், ரொம்ப ஆழத்தில், மூட்டையைக் கீழே போட்டாற்போல ஒரு சத்தம் கேட்டது. எனக்கும் விளிம்புக்கும் நடுவில் மணலில் ஒரு கோடு ஓடியது. பலகையில் பார்த்த அதே கோடு. அந்தக் கோட்டுக்கு அப்பால் இருந்த மேடு முழுவதும் தலை குனிந்து கீழே போயிற்று.

தூசி அடங்கியபோது கீழே சுவர் இல்லை, நிழல் இல்லை, அண்ணன் இல்லை. தண்ணீர் வரைக்கும் பரந்து கிடந்த மணல்தான் இருந்தது.

நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது மாஸ்டர்தான். அவர் ஓடவில்லை. வலது கையை நீட்டி, ஒரு விரலால் கீழே ஒரு இடத்தைக் காட்டிக்கொண்டு, ஆணி அடித்தாற்போல நின்றார். கண் இமைக்கவில்லை.

"இறங்குங்க மாஸ்டர்! ஏன் மரம் மாதிரி நிக்கிறீங்க!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் கண்ணை எடுக்கக் கூடாது டீச்சர். நீங்க ஓடிப் போய் வலைக்காரங்களைக் கூப்பிடுங்க. தாம்பாளத்தை எடுத்துக்குங்க. இந்தப் பக்கமா வேணாம், சுத்திப் போங்க. மேல இன்னும் கொஞ்சம் தொங்கிக்கிட்டிருக்கு."

கொஞ்ச தூரத்தில் மூன்று மீனவர்கள் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். என் சத்தத்திலேயே துடுப்புகளோடு ஓடி வந்தார்கள்.

"இன்னாம்மா ஆச்சு? ஆளு உள்ளாற கீறாரா?"

"எங்க அண்ணன்! எங்க அண்ணன்!"

"எங்க கீறாரு, அத்தச் சொல்லு!"

எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. எந்த இடம் பார்த்தாலும் ஒரே மணல். நிமிர்ந்து மேலே பார்த்தேன். மாஸ்டரின் விரல் அசையாமல் நின்றது. "என் விரலுக்கு நேரா! அவர் உக்காந்திருந்த எடத்துலருந்து தண்ணி பக்கமா ரெண்டு கை! மணல் தள்ளிட்டுப் போயிருக்கு! ரெண்டு பேர் மட்டும் தோண்டுங்க, ஒருத்தர் மேல தொங்கறதைப் பாத்துக்கிட்டே இருங்க!" என்று கத்தினார்.

"தோ, ஐயரு காட்றாரு பாரு, அங்க! போடு நைனா!" என்று அவர்களில் பெரியவர் துடுப்பைச் செருகினார். குடையைத் தவிர வேறெதுவும் இல்லாத டிரில் மாஸ்டரை அவர் ஏன் ஐயர் என்றார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. துடுப்பால் அவர்கள் வார, தாம்பாளத்தால் நான் தள்ள, கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் மறுபடியும் கத்தினார். "நிறுத்துங்க! யாரும் பேசாதீங்க! காதை வெச்சுக் கேளுங்க!"

நிறுத்தினோம். அலைச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கு அடியில், பூனை முனகுவதுபோல ஒன்று.

துடுப்பைப் போட்டுவிட்டுக் கையால் பறித்தோம். முதலில் வந்தது முழங்கை. மடக்கிய முழங்கை. அதை விலக்கியபோது பின்னால் அண்ணனின் முகம். உதடு நீலம் பாரித்திருந்தது. பெரியவர் வாயிலிருந்த மணலை விரலால் வழித்துப் போட்டார். நெஞ்சு மேலிருந்த மணலை வாரி எறிந்ததும் அண்ணன் ஒரு பெரிய மூச்சை இழுத்தான். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் மேட்டில் மாஸ்டர் நீட்டியிருந்த கை கீழே இறங்கியது.

தோளெலும்பு ஒன்று முறிந்ததைத் தவிர அண்ணனுக்கு வேறு சேதமில்லை. அந்த முழங்கையைத் தான் யோசித்துத்தான் மடக்கியதாகப் பின்னால் அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான். தானாக மடங்கியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். எப்படி மடங்கினால் என்ன?

பள்ளியில் மாலை போட்டுப் பாராட்டுக் கூட்டம் நடத்தத் தலைமையாசிரியர் துடித்தார். மாஸ்டர் ஒப்பவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் வாசல் படியையும் தட்டிவிட்டுத்தான் ஏறினார். தூளி மாதிரிக் கட்டிய கையோடு அண்ணன் நாற்காலியில் இருந்தான். அம்மா அவர் கைகள் இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவருக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

காப்பி குடித்து முடித்த பிறகு நான் மெதுவாகக் கேட்டேன். "மாஸ்டர், உங்களைப் போட்டு உலுக்கினதுக்கு மன்னிச்சுக்குங்க. ஆனா நீங்க எப்படி அப்படி நின்னீங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "முதல் குளிர்காலத்துல ஒரு பையன் போனான் டீச்சர். கர்வால் பக்கத்துப் பையன், நல்லாப் பாடுவான். நான் பாத்துக்கிட்டே இருந்தேன். விழுந்ததும் ஓடிட்டேன். பாதி வழியில நிமிர்ந்து பாத்தா எல்லா இடமும் ஒரே வெள்ளை. எந்த எடத்துல அவனைக் கடைசியாப் பாத்தேன்னு எனக்கே தெரியல. தோண்டினோம், தோண்டினோம். எடுக்கறப்ப நேரமாயிடுச்சு." டம்ளரை ஒரு பக்கமாக நகர்த்தி, "ஓடினது அன்பாலதான். அவனுக்கு அது உதவல" என்றார்.

அம்மாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுக்கெல்லாம் சேத்துத்தான் ஆண்டவர் இந்தப் பெரிய காரியத்தை உங்க கையால செய்ய வெச்சார்" என்றாள்.

"இது பெரிய காரியம் இல்லம்மா. சார் உள்ள போயிட்டாரே. ஒருத்தர் உள்ள போன நாளை நான் நல்ல நாள்னு எப்படிச் சொல்வேன்?" என்றவர், என்ன நினைத்தாரோ, முகம் மலர்ந்து சிரித்தார். "நான் செஞ்சதுல நல்ல காரியம் வேற ஒண்ணு இருக்கு. யாருக்கும் தெரியாது."

இரண்டாவது குளிர்காலத்தில் நடந்தது அது. மூன்று நாள் பனி கொட்டி நாலாம் நாள் வானம் நீலமாக இருந்தது. இவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் ஒரு மலைத்தோளைத் தாண்டி அந்தப் பக்கத்துக் குடிசைக்குப் போக வேண்டும். அங்கே அடுப்பு, சுடுசாப்பாடு, படுக்கை எல்லாம் காத்திருந்தன. நடுவில் ஒரு சரிவு. குறுக்கே போனால் கால் மணி நேரம்தான். வந்த வழியே முகாமுக்குத் திரும்புவதானால் எதிர்க்காற்றில் ஐந்து மணி நேரம்.

"நான் கோலைத் தலைகீழா சொருகிப் பாத்தேன். கெட்டி, கெட்டி, அப்புறம் சும்மா உள்ள போச்சு. வேணாம்னு சொன்னேன். ஒருத்தன் வேணாம்னு சொன்னாலும் எல்லாரும் திரும்பணும்னு அங்க ஒரு பேச்சு. கூட வந்த வெள்ளைக்கார ஆபீசருக்கு இருபத்திரண்டு வயசு. சரிவைப் பாக்கறான், என்னைப் பாக்கறான். அப்புறம் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திரும்பிட்டான்."

"அப்புறம் விழுந்துச்சா?" என்றான் அண்ணன்.

"விழல சார்."

"மறுநாள்?"

"மறுநாளும் விழல. பயந்தாங்கொள்ளின்னு என்னைச் சாமான் கிடங்குல போட்டுட்டாங்க. அந்தக் கிடங்கு வாசல்லேருந்து பாத்தா அந்தச் சரிவு நேரா தெரியும். சித்திரை வரைக்கும் தினம் காலையில எழுந்து பாப்பேன். அப்படியே இருந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா உருகி, கீழ புல்லு முளைச்சு, ஆடு மேய வந்துடுச்சு."

அண்ணன் அன்றைக்குக் கேலி செய்யவில்லை. "உங்களுக்கு வருத்தமா இல்லையா மாஸ்டர்? நீங்க சொன்னது சரின்னு யாருக்குமே தெரியாமப் போச்சே?" என்று கேட்டான்.

"சரியா தப்பான்னு எனக்கே தெரியாது சார். போயிருந்தாக்கூட ஒண்ணும் ஆகாம இருந்திருக்கலாம்." மாஸ்டர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். "அன்னைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்கு முகாமுக்கு வந்து சேந்தோம். எல்லாருக்கும் கை கால் விறைச்சுப்போச்சு. ஆறின ரொட்டியும் பருப்பும்தான் மிச்சம். சாப்பிட உக்காந்ததும் ஒருத்தன் ஆரம்பிச்சான் பாருங்க, என்னைத் திட்ட! அவன் விட்டா அடுத்தவன். இங்கிலீஷ்ல ஒருத்தன், இந்துஸ்தானியில ஒருத்தன், கூர்க்கா பாஷையில ஒருத்தன். எங்கம்மாவைக்கூட விட்டு வைக்கல. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, ஒவ்வொரு குரலா எண்ணிக்கிட்டே சாப்பிட்டேன்."

வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"பதினொண்ணும் இருந்துச்சு டீச்சர்."